செட்டியார் வண்டியும் இருசம்மாள் காலும்

இருசம்மாளைப் பழவேற்காட்டுக் கோட்டைக்கு எப்படிக் கொண்டுபோவது? அன்று காலை வீட்டில் சண்டை இதை வைத்துத்தான் தொடங்கியது.

அவளால் நடக்க முடியாது. திருப்பாலைவனம் சாலையில் பாலகொண்டையா செட்டியாரின் துணி வண்டி அவள் வலது கால்மேல் ஏறி இறங்கியிருந்தது. சுண்ணாம்புக்குளத்து வைத்தியர் எலும்பைக் கூட்டி, மூங்கில் பட்டை வைத்து, முட்டை வெள்ளைக்கருவும் உளுத்தம்மாவும் குழைத்துக் கட்டுப் போட்டிருந்தார். அன்றிலிருந்து குப்பத்துப் பூனைகள் மீன் கூடையை விட்டுவிட்டு அவள் காலையே சுற்றிச் சுற்றி வந்தன.

"கட்டில்லயே வெச்சித் தூக்கிக்கினு போலாம்" என்றான் அவள் புருஷன் கோதண்டம்.

"கட்டில் வாசல்ல நுழையாது" என்றாள் அவன் தங்கை லோகநாயகி. "கட்டில உள்ள போட்டுட்டு அப்புறம்தானே நீ செவுரே வெச்சே?"

கோதண்டம் யோசித்தான். கடலில் இருக்கும்போது காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று மூக்கை வைத்தே சொல்லிவிடுவான். கரை ஏறிவிட்டால் எதற்கும் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

"அப்ப செட்டியாருகிட்டயே வண்டி கேட்டுப் பாக்கலாமா?"

இருசம்மாள் அவனைப் பார்த்த பார்வையில் பூனைகள்கூட நகர்ந்து உட்கார்ந்தன.

"யார் மேல பிராது குடுத்துக் கீறோமோ அவர் வண்டியிலயே ஏறிப் போயி, அவர் மேல நியாயம் கேக்கச் சொல்றியா?"

"இல்ல இர்சு. சும்மா கேட்டேன்."

"நீ சும்மா பேசினதாலதான் நாம கோட்டைக்கே போறோம்."

அது உண்மைதான். கால் ஒடிந்த மறுநாள், செட்டியாரின் கணக்கப்பிள்ளை ஒரு தார் வாழைப்பழத்தோடு குப்பத்துக்கு வந்தார். கூடவே இரண்டு பேர். "என்ன கோதண்டம், வீட்டுல எப்படி இருக்கு?" என்று கேட்டார். வீடு தேடி வந்தவரிடம் துக்கத்தைக் கொட்டக் கூடாது என்று வளர்ந்தவன் கோதண்டம். "ஒண்ணுமில்ல சாமி, சும்மாதான்" என்று சொல்லிவிட்டான். கணக்கப்பிள்ளை கூட வந்தவர்கள் பக்கம் திரும்பி, "கேட்டுக்கிட்டீங்க இல்ல?" என்றார். அதற்குப் பிறகு செட்டியார் வீட்டிலிருந்து பழத்தோல்கூட வரவில்லை.

ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போகலாம் என்றால், அங்கே செட்டியாருக்குப் பாய் விரித்து நடுவில் உட்கார வைப்பார்கள். கோட்டையிலிருக்கும் ஒல்லாந்துத் துரைக்கு அவரும் ஒன்றுதான், நாமும் ஒன்றுதான் என்று நினைத்து, லோகநாயகி நேரே அங்கே போய்ப் பிராது கொடுத்தாள். இன்றைக்கு விசாரணை.

இருசம்மாளுக்குக் காலைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அது திருப்பாலைவனம். அவள் குரல் தெருமுனையில் கேட்ட பிறகே உலை வைக்கிற வீடுகள் அந்த ஊரில் உண்டு. மீனைப் போட்டு நெல்லை வாங்கி வருவாள். மழைக்காலத்தில் கடலுக்குப் போக முடியாமல் போனால் அந்த நெல்தான் சோறு.

இப்போது கூடையைச் சுமந்துகொண்டு போவது லோகநாயகி. கூடை போகிற மாதிரியே திரும்பி வந்தது. லோகநாயகிக்குப் பொய் வராது. "மீன் எப்படிம்மா?" என்று யாராவது கேட்டால், "நேத்து மீன்தான். செவுளு வெளுத்துப் போச்சி. நானா இருந்தா வாங்க மாட்டேன்" என்று சொல்லிவிடுவாள். சுண்ணாம்புக்குளத்துக் கோவிந்தம்மா இதுதான் சமயம் என்று திருப்பாலைவனத்துக்குள் நுழைந்து, இருசம்மாளின் வீடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் வழி கண்டுபிடித்ததும் லோகநாயகிதான். பழைய சுறா வலையை ஒரு கழியில் தூளி மாதிரிக் கட்டினாள். முன்னால் கோதண்டம், பின்னால் லோகநாயகி, நடுவில் இருசம்மாள். கட்டுப்போட்ட கால் மட்டும் வலைக்கண் வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

கடைத்தெருவில் எதிரே வந்த ஒருவர் நின்று பார்த்தார்.

"இன்னா கோதண்டம், சுறாவா?"

"ஒண்ணுமில்லப்பா" என்றான் கோதண்டம்.

வலைக்குள்ளிருந்து குரல் வந்தது. "இன்னொரு வாட்டி அந்த வார்த்தைய சொன்னே, இங்கியே எறங்கி நடந்துடுவேன்."

*

கோட்டைக்குள் விசாரணை மண்டபம் நல்ல உயரம். காற்றுதான் இல்லை. மேசைக்குப் பின்னால் நியாய துரை தடித்த கம்பளிச் சட்டையும் தலையில் வெள்ளைப் பொய்முடியுமாக வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வழக்கமாக மொழிபெயர்க்கும் துபாஷிக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக மார்கரெட் நின்றிருந்தாள். அப்பா ஒல்லாந்து மாலுமி, அம்மா பழவேற்காட்டுக்காரி. பாவாடையும் சட்டையும் போட்டிருந்தாலும் மூக்கில் நம்ம ஊர் மூக்குத்தி. புருஷன் போன பிறகு கோட்டைக்காரர்களுக்கு ரொட்டி சுட்டு விற்றுப் பிழைக்கிறாள். இரண்டு பாஷையும் தண்ணீராக வரும்.

"வலையோட இப்படிக் கீழ வைங்க" என்றாள் மார்கரெட். "துரை இன்னா மீன்னு கேக்குறாரு. பொம்பளன்னு சொல்லிட்டேன்."

பாலகொண்டையா செட்டியார் ஏற்கெனவே வந்திருந்தார். சரிகைத் தலைப்பாகை, சந்தனம், பின்னால் குடை பிடிக்கிறவன், பக்கத்தில் கணக்கப்பிள்ளை. சற்றுத் தள்ளி வண்டிக்காரன் முனியன். நெடுநெடு என்று உயரமாக, கண் இமை பாதி மூடினாற்போல் நின்றான்.

செட்டியார்தான் முதலில் பேசினார். அந்தக் கோட்டையின் கீர்த்தி, துரையின் பரம்பரை, கடல் கடந்து வந்த நீதி என்று வெகுநேரம் பேசினார். மார்கரெட் துரை பக்கம் திரும்பி ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"நான் சொன்னதெல்லாம் சொன்னாயா, அம்மா?" என்றார் செட்டியார் சந்தேகத்துடன்.

"வணக்கம்னு சொல்லிட்டேன். மேல சொல்லுங்க."

செட்டியார் விஷயத்துக்கு வந்தார். வண்டி ஏறியது வாஸ்தவம். ஆனால் அந்த அம்மாள் நடுச்சாலையில் நின்றாள். அதோடு, மறுநாளே ஆள் அனுப்பி விசாரித்தோம். அவள் புருஷனே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டான். இரண்டு பேர் காதால் கேட்டிருக்கிறார்கள். ஒன்றுமில்லாததற்கு எதைக் கொடுப்பது?

துரை கோதண்டத்தைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"அப்படிச் சொன்னியான்னு கேக்குறாரு" என்றாள் மார்கரெட்.

கோதண்டம் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். மனைவியைப் பார்த்தான். துரையைப் பார்த்தான். "சொன்னேன்" என்றான்.

செட்டியார் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். துரை எழுதுகோலை எடுத்தார். அவர் அதை மையில் நனைப்பதற்குள் வலைக்குள்ளிருந்து இருசம்மாள் ஒரு கையை உயர்த்தினாள்.

"அம்மா மார்கரெட்டு, நான் செட்டியார ஒண்ணே ஒண்ணு கேக்கணும். துரை உத்தரவு குடுப்பாரா?"

துரை தலையாட்டினார்.

"செட்டியாரே, இந்த வருசம் துணி யாவாரத்துல உங்களுக்கு இன்னா லாபம்?"

செட்டியாருக்கு இந்தக் கேள்வி புரியவே இல்லை. ஆனால் கேட்கப்பட்ட இடம் புரிந்தது. அவருடைய துணியை வாங்குவது இந்தக் கோட்டைதான். அடுத்த கப்பலுக்கு விலை இன்னும் பேசி முடியவில்லை. லாபம் என்ற வார்த்தையைத் துரை காதில் போட அவருக்கென்ன பைத்தியமா? முப்பாட்டன் காலத்திலிருந்து அந்தக் கேள்விக்கு அவர்கள் குடும்பத்தில் இருக்கிற ஒரே பதில் அவர் வாயிலிருந்து தானாக வந்தது.

"அதை ஏம்மா கேக்கறே? ஒண்ணுமில்ல. சும்மா ஓடுது."

மண்டபத்தில் யாரோ செருமினார்கள். கணக்கப்பிள்ளை தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார்.

மார்கரெட் இந்த முறை ஒரு எழுத்துக்கூட விடாமல் மொழிபெயர்த்தாள். துரை செட்டியாரின் தலைப்பாகைச் சரிகையைப் பார்த்தார், காதுக் கடுக்கனைப் பார்த்தார், குடைக்காரனைப் பார்த்தார். பிறகு எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு ஏதோ சொன்னார்.

"ரெண்டு பேரோட ஒண்ணுமில்லையும் ஒரே எடைதான்னு சொல்றாரு" என்றாள் மார்கரெட். "அந்தப் பேச்சு முடிஞ்சிபோச்சாம். வண்டி ஏறினத யாரு பாத்தான்னு கேக்குறாரு."

"நான் பாத்தேன்" என்றாள் லோகநாயகி.

இருசம்மாள் வலையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். இவளைச் சாட்சிக்கு விடுவதும், கட்டுமரத்தைக் கட்டாமல் விடுவதும் ஒன்றுதான். எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

"உங்க அண்ணி எங்க நின்னுக்கினு இருந்தாங்க?" என்று துரைக்காக மார்கரெட் கேட்டாள்.

"நடுச்சாலையில."

செட்டியார் முகம் மலர்ந்தது. இருசம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அங்க இன்னா பண்ணாங்க?"

"என்கூட சண்டை போட்டுக்கினு இருந்தாங்க. நேத்து மீன நேத்து மீன்னு சொல்லிட்டேன்னு. வண்டி வர்றத நான் சொன்னேன். அப்பவும் பேச்ச முடிச்சிட்டுத்தான் நவுருவேன்னு நின்னாங்க."

"லோகா, போதும்" என்றாள் இருசம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"கேட்டாங்க அண்ணி, சொல்றேன். வண்டிக்காரரு தூங்கிக்கினு இருந்தாரு. கொறட்ட நல்லா கேட்டுச்சி. மாடு ரெண்டும் முழிச்சிக்கினுதான் இருந்துச்சி. அதுங்க அண்ணியப் பாத்து ஒதுங்கிடுச்சி. சக்கரம் ஒதுங்கல."

செட்டியார் எழுந்தார். "நாத்தனார் சாட்சி சாட்சியா, துரை? அண்ணிக்காகப் பொய் சொல்றா."

மார்கரெட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துபாஷி தன் சொந்தப் பேச்சைப் பேசக் கூடாது என்பதெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"செட்டியாரே, இந்தப் பொண்ணுகிட்ட மீன் வாங்கப் போயி நானே வாங்காம திரும்பிக் கீறேன். இவளுக்குப் பொய் சொல்லத் தெரிஞ்சிருந்தா மொதல்ல மீனுக்குச் சொல்லியிருப்பா. அண்ணி தப்ப இவ்ளோ சொன்னவ, வண்டிக்காரன் தப்ப மட்டும் ஜோடிச்சாளா?"

சொல்லிவிட்டு, அதையும் துரைக்கு மொழிபெயர்த்தாள்.

துரை முனியனைக் கூப்பிட்டார். முனியன் முன்னால் வந்து நின்றான். செட்டியார் அவனைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தார். முனியன் செட்டியாரைப் பார்த்தான். பிறகு வலையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த அந்தக் காலைப் பார்த்தான்.

"தூங்கினேன், துரை" என்றான். "கப்பலு கெளம்புதுன்னு ஏத்துறதும் எறக்குறதுமா இருந்துச்சி. வண்டிய வுட்டு எறங்கவே இல்ல. எப்பத் தூங்கினேன்னே தெரியல. மாடு நின்னப்பதான் முழிச்சேன்."

இருசம்மாள் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். இத்தனை நாளாக அவள் வாயில் அவன் பட்ட வசவுக்கு அளவில்லை. நேரில் பார்த்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தாள். இப்போது முந்தானையை இழுத்து அந்தக் காலை மூடினாள்.

துரை சொன்னதை மார்கரெட் எடுத்துச் சொன்னாள். "நடுச்சாலையில நின்னு சண்டை போட்டது இருசம்மா தப்பு. அது சின்னது. தூங்காத ஆள வண்டியில ஏத்தி அனுப்பினது பெருசு. அதுக்குச் செட்டியாருதான் பொறுப்பு. ஒனக்கு இன்னா வேணும், கேளு."

செட்டியாருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இது அவருக்குப் பழகிய இடம். இடுப்பிலிருந்து சுருக்குப் பையை அவிழ்த்தார்.

"துட்டு வேணாம்" என்றாள் இருசம்மாள்.

கோதண்டம் திடுக்கிட்டுப் போய், "இர்சு" என்றான்.

"நீ சும்மா இரு. துட்டு மழைக்கு முன்னாடியே கரைஞ்சிடும். எனக்குத் திருப்பாலைவனத்து வூடுங்க வேணும். அதுங்க என் காலு நடந்து நடந்து சம்பாரிச்ச வூடுங்க. காலத்தான் வண்டி ஏத்தி ஒடிச்சாங்க. அதனால காலுக்குப் பதிலா அந்த வண்டியே வரட்டும். செட்டியார் வண்டி துணி ஏத்த அந்தப் பக்கம் காலியாத்தானே போவுது? என்னையும் என் மீன் கூடையையும் ஏத்திக்கினு போவட்டும். காலு கூடி நான் நடக்குறவரைக்கும்."

செட்டியாரின் கையிலிருந்த பை அப்படியே நின்றது.

"மீனா? என் வண்டியிலா? துரை, அந்த வண்டியில்தான் திரும்பி வரும்போது துணி வருகிறது. அது கப்பலேறிப் பத்தாவியாவுக்குப் போகிற துணி. கருவாட்டு நாற்றத்தோடு அங்கே போய் இறங்கினால் யார் வாங்குவார்கள்?"

மொழிபெயர்ப்பைக் கேட்டுவிட்டுத் துரை வெகுநேரம் யோசித்தார். அவருக்கு இரண்டு பக்கமும் இழுத்தது. துணி அவருடைய கப்பலில் ஏறப்போகிற துணி. மீனோ, அவர் ஊரில் காலையும் மாலையும் தின்கிற பண்டம். கடைசியில் லோகநாயகியைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"கருவாடா, பச்சை மீனா?"

"போவும்போது பச்ச மீன். திரும்பும்போது நெல்லு. ஆனா கூடை நாறும்" என்றாள் லோகநாயகி. "தேச்சிக் கழுவினா கொறையும். போவாது."

துரை சிரித்தார். பொய்முடி சற்று நகர்ந்தது. தீர்ப்பை எழுதினார். இன்றிலிருந்தே வண்டி வரவேண்டும். மீன் போகும். திரும்பும்போது கூடையைக் கழுவி வண்டிக்கு அடியில் தொங்கவிட வேண்டும். வைத்தியர் நடக்கலாம் என்று சொல்லும்வரை இப்படியே. ஒரு நாள் வண்டி வராவிட்டால், அந்த வாரம் செட்டியார் துணி கோட்டைக்குள் வராது.

*

கோட்டை முற்றத்தில் தூளியை இறக்கிவைத்துக் கோதண்டம் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். இருசம்மாள் வலைக்குள் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஜெயித்தவர்களுக்கே உரிய பெருந்தன்மை அவளுக்கு வந்திருந்தது. லோகநாயகியின் சாட்சியத்தைக்கூட மன்னித்துவிட்டாள்.

அப்போது செட்டியார் படியிறங்கி வந்தார். பின்னால் முனியன். செட்டியார் உரக்கப் பேசவில்லை.

"தார்க்குச்சியைக் கொடு."

முனியன் கொடுத்தான்.

"இனிமேல் என் மாட்டுப் பக்கம் வரவேண்டாம்."

அவ்வளவுதான். செட்டியார் குடைக்குள் புகுந்து போய்விட்டார். முனியன் வெறுங்கையைப் பார்த்தபடி நின்றான். அப்புறம் எதிர்ப்பக்கம் திரும்பி நடந்தான்.

இருசம்மாளின் பெருந்தன்மை கொஞ்சம் சுருங்கிற்று. "பாவம்யா" என்றாள்.

"இத்தினி நாளா அவன் காலு ஒடியணும்னு வேண்டிக்கினு இருந்தே" என்றான் கோதண்டம்.

"அது வேற. இது வேற. தூக்கு, மீன் வர்ற நேரம்."

*

மதியத்துக்குள் சேதி குப்பம் முழுக்கப் பரவிவிட்டது. ஏரியிலிருந்து மடவையும் இறாலும் வந்து இறங்கின. கூடை நிரம்பியது. இருசம்மாள் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தாள். லோகநாயகியும் புடவையைச் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

"நீ வூட்ல இரு" என்றாள் இருசம்மாள். "நீ வந்தா மீன் விக்காது. ஒங்க அண்ணன் வரட்டும்."

"நேத்து மீன் இல்லியே அண்ணி. இன்னிக்கி மீன்தானே? இன்னிக்கி மீன்னே சொல்றேன்."

"இன்னிக்கி மீனுக்கும் நீ எதுனா சொல்லுவே."

வெயில் சாயத் தொடங்கியது. வண்டி வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கோதண்டம் கூடைமேல் ஈரச்சாக்கைப் போட்டான்.

"முனியன வெரட்டிட்டாரு. வேற ஆளு கெடைக்கலையோ இன்னாவோ" என்றான். "ஊர்ல எந்த வண்டிக்காரனும் வர மாட்டேன்னானாம். எந்திரிச்சா வண்டி, படுத்தா வண்டின்னு எவன் ஓட்டுவான்?"

அப்போது பனந்தோப்புப் பக்கமிருந்து சலங்கைச் சத்தம் கேட்டது.

வண்டி வந்தது. ஓட்டிக்கொண்டு வந்தவர் பாலகொண்டையா செட்டியார். தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். சந்தனம் வேர்வையில் கரைந்து மார்பில் கோடு கோடாக இறங்கியிருந்தது. குப்பம் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு நின்றது.

"சாமி, நீங்களா?" என்றான் கோதண்டம்.

"நான்தான். ஏறச் சொல்" என்றார் செட்டியார், யாரையும் பார்க்காமல். "துணி நின்றுவிட்டால் என் கதி என்ன ஆகும்?"

கோதண்டம் மனைவியைத் தூக்கி வைக்கோல் மேல் உட்கார வைத்தான். கூடையை ஏற்றினான். தானும் பின்னால் தொற்றிக்கொண்டான். செட்டியார் மேல்துண்டால் மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மாட்டை அதட்டினார்.

ஆச்சரியம் என்னவென்றால், அவர் நன்றாக ஓட்டினார். பள்ளம் வந்தால் முன்கூட்டியே ஒதுக்கினார். சக்கரம் கல்லில் ஏறவிருந்தால் மாட்டைச் சற்று நிறுத்தி இறக்கினார். கட்டுப்போட்ட கால் ஒருமுறைகூடத் தூக்கிப் போடவில்லை.

பாதி வழி வந்தார்கள். இருசம்மாளால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"நல்லா ஓட்டுறீங்களே, செட்டியாரே."

துண்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. "எங்கள் நைனா பொதிமாடு ஓட்டினவர். நானும் இந்தச் சாலையில்தான் அவர் பின்னால் நடந்தேன். வண்டி வாங்கினது அப்புறம்."

"அப்ப தூக்கம் வந்தா இன்னா பண்ணுவீங்க?"

செட்டியார் இன்னொரு பள்ளத்தை ஒதுக்கி ஓட்டினார். "நைனா என்னை மாட்டு மேல் ஏற்றிவிட்டு அவர் நடப்பார்" என்றார். மூக்கில் கட்டியிருந்த துண்டு சற்றுத் தளர்ந்து கழுத்துக்கு இறங்கியது. "என்ன மீன்?" என்று கேட்டார்.

"மடவை. நீங்க துண்ண மாட்டீங்களே."

"தின்ன மாட்டேன். என்ன விலைக்குப் போகும்?"

கோதண்டத்துக்குச் சிரிப்பு வந்தது. முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

திருப்பாலைவனம் கோயில் கோபுரம் தெரிகிற இடத்தில் மாடுகள் தாமாக நின்றுவிட்டன. செட்டியார் தட்டினார். நகரவில்லை. தலையைத் திருப்பிச் சாலையோரம் பார்த்தன.

அங்கே முனியன் வந்துகொண்டிருந்தான். வெளுத்த வேட்டி, தோளில் மூட்டை, குளித்துத் தலை சீவியிருந்தான். வண்டியைப் பார்த்ததும் நின்றான். ஓட்டுகிறவரைப் பார்த்ததும் அவனுடைய பாதி மூடின கண்கள் முழுதாகத் திறந்துகொண்டன. ஒரு மாடு கழுத்தை நீட்டி அவன் கையை நக்கியது.

"ஊருக்குப் போறியா முனியா?" என்று கேட்டாள் இருசம்மாள்.

"வூட்டுக்குப் போயி சொல்லிட்டு வந்துட்டேன். கோட்டைக்குப் போறேன்" என்றான் முனியன். செட்டியாரைப் பார்க்கவில்லை. "உண்மைய சொன்னதுக்கு வேலைய வுட்டுத் தள்ளினா அதுக்கு நியாயம் உண்டான்னு மார்கரெட்டம்மாவ கேட்டேன். உண்டு, காலையில வந்து பிராது குடுன்னாங்க. அவங்களே பேசறாங்களாம்."

செட்டியாரின் முதுகு விறைத்தது.

"சாட்சி வேணுமே" என்றான் கோதண்டம், ஏதாவது பேசவேண்டுமே என்று.

"கீதே" என்றான் முனியன். "முற்றத்துல இந்தம்மா பாத்துக்கினுதானே இருந்தாங்க. சாட்சி இவங்கதான்."

செட்டியார் மெதுவாகத் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. வியாபாரம் பேசுகிற குரல்.

"இருசம்மா. நாளைக்கும் இந்த வண்டி வேண்டுமில்லையா?"

கோதண்டம் மனைவியைப் பார்த்தான். முனியன் பார்த்தான். கூடையில் மீன் சூடேறிக்கொண்டிருந்தது. கோயில் பக்கத்துத் தெருவில் யாரோ ஒரு பெண் மீன் கூவுகிற குரல் கேட்டது. அது சுண்ணாம்புக்குளத்துக் கோவிந்தம்மாவின் குரல்.

"வண்டி கோட்டை குடுத்தது. நீங்க குடுத்ததில்ல" என்றாள் இருசம்மாள். பிறகு முனியனைப் பார்த்தாள். "நீயும் மாட்ட வுடு. செட்டியாரே, ஓட்டுங்க. மீனு கெட்டுப்போச்சின்னா அப்புறம் யாருக்குமே நான் நல்ல சாட்சி சொல்ல மாட்டேன்."

செட்டியார் கயிற்றைச் சுண்டினார். மாடுகள் நகரவில்லை. மறுபடி சுண்டினார். அவை முனியனையே பார்த்துக்கொண்டு நின்றன.

முனியன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். அப்புறம் மூட்டையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, நாக்கை ஒரு சொடுக்குச் சொடுக்கினான்.

மாடுகள் நடந்தன.